விமானத்துக்கு முந்தின வாரம்

பிப்ரவரி 4

அன்புள்ள சிட்டுவுக்கு,

நானும் உன் அத்தானும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருந்தேன். கொடுத்திருக்க மாட்டாய்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். பாப்பாவுக்கு இரட்டைக் குழந்தையாம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நாள் குறித்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அன்றிலிருந்து பேச்சு நின்றுவிட்டதாம். நீயும் அப்பாவும் ரெண்டு வருஷத்துக்கு இங்கேயே வந்து இருங்க என்று அழுகிறாள். டிக்கெட்டும் அனுப்பிவிட்டாள். ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை காலை விமானம். விமான நிலையம் உன் ஊரில்தானே இருக்கிறது, அதனால் ஒரு வாரம் முன்னதாகவே உன் வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

அந்த ஒரு வாரம் உன் அத்தானின் ஆசை. முப்பத்து நான்கு வருஷம் பஸ் ஓட்டியும் ஓர் இடத்தையும் இறங்கிப் பார்த்ததில்லையாம். "எனக்கு முன்னாடி போன லாரியோட பின்பக்கத்தைத் தவிர இந்த நாட்டுல நான் வேற எதையும் ஒழுங்காப் பாத்ததில்ல" என்கிறார். கடல் தாண்டிப் போகுமுன் நம் நாட்டில் நாலு இடமாவது பார்த்துவிட வேண்டுமாம்.

அடுத்தது வீடு. ரெண்டு வருஷம் பூட்டிப் போட்டால் கரையான் தின்றுவிடும். நீ ஏப்ரலோடு ஓய்வு பெறுகிறாய். எங்களை விமானம் ஏற்றிவிட்டு, மறுநாள் ரயிலில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடு. தனி ஆள்தானே, ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் ஆயிற்று. மாடி அறையை உனக்கு ஒழித்து வைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமே. முழங்காலும் என்னோடு ஒத்துப்போகப் பழகிவிட்டது. அத்தானுக்கு இருமல் நின்றதா?

பாப்பாவுக்கு இரட்டை என்று படித்ததும் எங்கள் ரயில் நிலையத் தொலைந்த பொருள் அலுவலகத்திலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். தொலைந்த குடையைக் கேட்டு வந்த ஒரு அம்மா, தன்னைப் பார்த்துச் சிரித்ததாக நினைத்துக் கோபித்துக்கொண்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் தங்கைக்கும் இரட்டையாம். பேசி முடித்துப் போனபோது குடையை மறுபடியும் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒரு வாரம் தாராளமாகத் தங்கலாம். பெரிய அருங்காட்சியகத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. மிருகக்காட்சி சாலை, ஏரியில் படகு, மணிக்கூண்டு எல்லாம் இருக்கிறது. மணிக்கூண்டுக்கு முந்நூறு படி. அத்தான் ஏறுவாரா?

போன மாதம் ஒரு மீன்தொட்டி வந்தது. ரயிலில் யாரோ விட்டுப் போயிருக்கிறார்கள், உள்ளே மூன்று மீன். விதிப்படி மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும். அலமாரியில் வைக்க முடியாமல் என் மேசையில் வைத்திருக்கிறேன்.

கண்ணாடியின் திருகாணி கழன்றுவிட்டது. கடையில் கொடுத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

வீட்டு விஷயம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன் அன்புத் தங்கை
சிட்டு

---

மார்ச் 11

அன்புள்ள சிட்டுவுக்கு,

இங்கே யாவரும் சுகம். அத்தானின் இருமல் போய்விட்டது, பேச்சு கூடிவிட்டது.

நேரில் பேச என்ன இருக்கிறது? இப்போதே எழுதிவிடுகிறேன், நீ பத்திரமாக வைத்துக்கொள். வாசல் சாவியில் நீல நூல் கட்டியிருக்கும். தண்ணீர்த் தொட்டி மூடியை மாதம் ஒரு தடவை திறந்து பார். பின்பக்க ஜன்னல் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும், கீழே பிடித்துத் தூக்க வேண்டும். செடிகளுக்குக் காலையில் தண்ணீர் ஊற்று, மாலையில் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டால் கொடுக்காதே, திரும்பி வராது. மீதியை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்.

உன் அத்தான் அந்த ஒரு வாரத்துக்கு நேர அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறார். "திமிங்கிலம் 9.40, புறப்பாடு 10.55" என்று எழுதியிருக்கிறார். திமிங்கிலம் எங்கே புறப்படப்போகிறது என்று கேட்டேன். நாமதான் புறப்படணும் என்கிறார்.

அதென்ன, உன் கண்ணாடி மாதத்துக்கு ஒரு தடவை கடைக்குப் போகிறது? டிசம்பரில் மூக்குப் பிடி உடைந்தது என்றாய். ஜனவரியில் காது அழுத்துகிறது என்றாய். இப்போது திருகாணி. கண்ணாடி போட்டுக்கொண்டு குஸ்திக்குப் போகிறாயா? கடையை மாற்று.

ஒத்தடம் கொடு.

அக்கா

---

ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா, அத்தான் இருவருக்கும்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

இன்னும் பத்து நாளில் ஓய்வு. நேற்றே எனக்கு வழியனுப்பு விழா வைத்துவிட்டார்கள். நிலைய அதிகாரி என்னைப் பற்றி எட்டு நிமிஷம் பேசினார். அதில் ஆறு நிமிஷம் அவரைப் பற்றித்தான். முப்பது வருஷத்தில் நான் திருப்பிக் கொடுத்த பொருள்கள் பதினோராயிரத்துச் சொச்சம் என்று யாரோ எண்ணியிருக்கிறார்கள். எனக்கே தெரியாது. மீன்களைக் கேட்டு யாரும் வரவில்லை, அதனால் எனக்கே கொடுத்துவிட்டார்கள்.

ஏரியில் புதுப் படகு விட்டிருக்கிறார்கள். போன ஞாயிறு போய் விசாரித்தோம். அத்தானுக்கு முன்வரிசை வேண்டுமென்றால் மாலை ஐந்து மணிக்கு முன் வர வேண்டுமாம். திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லாமல் முழுக்க நனைந்துவிட்டோம். இருந்த ஒரே குடை காற்றில் மடங்கிப் பின்பக்கம் திரும்பிக்கொண்டது. அதைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்று சிரித்தோம்.

மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய் விடுமுறை இல்லை, கேட்டுவிட்டேன்.

அன்புடன்
சிட்டு

---

ஏப்ரல் 29

அன்புள்ள சிட்டு,

அத்தான் எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. என் எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உனக்கு நான் தனியாக எழுதும் முதல் கடிதம் இது.

உன் கடிதத்தை அக்கா வாசித்தாள், நான் கேட்டேன். பிறகு நானும் எடுத்து வாசித்தேன். விசாரித்தோம், நனைந்தோம், சிரித்தோம். உன் அக்கா மழையைப் பிடித்துக்கொண்டாள். "முழங்கால் வலியை வச்சிக்கிட்டு நனையுறா பாரு" என்று ஒரு மணி நேரம் திட்டினாள். நான் அந்த "தோம்"களைப் பிடித்துக்கொண்டேன். பஸ் ஓட்டுகிறவனுக்கு முன்னால் பார்ப்பது பாதி வேலை. யார் ஏறினார், எங்கே உட்கார்ந்தார் என்று கண்ணாடியில் பார்ப்பது மீதி வேலை.

வீட்டுச் சாவியைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அதையும் பார்த்தேன்.

யார் என்று நான் கேட்கவில்லை. சொல்லும் எண்ணம் இருந்தால் சொல். அக்காவுக்கு உத்தரவு போட்டே பழகிவிட்டது. நர்ஸாக இருந்த காலத்தில் வார்டில் நாற்பது கட்டிலுக்கும் அவள்தான் ராஜா. கேட்க வராது. உனக்கோ மறுத்துப் பழக்கமில்லை. நடுவில் நான் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பதில் வீட்டுக்குப் போடாதே. கீழே டிப்போ ஓய்வுபெற்றோர் சங்க முகவரி இருக்கிறது. அங்கே கேரம் ஆடுவதைத் தவிர வேறு வேலை நடப்பதில்லை, கடிதம் பத்திரமாக இருக்கும்.

உன் நலம் நாடும்
அத்தான்

---

மே 7

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க வெளியே போகவில்லை. மறுநாள் போனேன்.

அவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ரயில் நிலையத்துக்கு எதிர் வரிசையில் மூன்றாவது கடை. மனைவி இறந்து ஒன்பது வருஷமாகிறது. ஒரு மகன் கப்பலில் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பெட்டியை ரயிலில் விட்டுவிட்டு எங்கள் ஜன்னலுக்கு வந்தார். பெட்டி நிறைய, செய்து முடித்த மூக்குக்கண்ணாடிகள். அடையாளம் சொல்லுங்க என்றேன், அது எங்கள் விதி. எல்லாரும் நிறத்தைச் சொல்வார்கள். இவர் ஒவ்வொரு கண்ணாடியையும் ஆளை வைத்துச் சொன்னார். "இது ஒரு டீச்சரோடது, போர்டுல எழுதிட்டுத் திரும்பினா பசங்க முகம் தெரியலையாம். இது ஒரு தையல்காரரோடது, ஊசியில நூல் கோக்க முடியல." மொத்தம் முப்பத்தாறு. நான் பத்தாவதிலேயே கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, முப்பத்தாறையும் கேட்டேன்.

கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டோம். ஜூன் 18-க்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அக்கா விமானம் ஏறின பிறகு என்று நான்தான் சொன்னேன். ஐம்பத்தெட்டு வயதில் இது என்ன கூத்து என்று கேட்டுவிடுவாளோ என்று பயம் அத்தான். வீட்டைப் பார்த்துக்கொள்ள வரமாட்டேன் என்றும் எழுத முடியவில்லை. நாலு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அது கடைசியில் படகைப் பற்றின கடிதமாக முடிந்துவிடுகிறது.

அக்காவிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். நானே சொல்கிறேன்.

பணிவுடன்
சிட்டு

---

ஜூன் 10, செவ்வாய்

என் கண்ணே பாப்பா,

நீயும் வயிற்றில் இருக்கும் ரெண்டும் சுகமா? கால் வீங்கினால் தலையணை மேல் தூக்கி வை. இந்தக் கடிதம் வருமுன் நாங்களே வந்து நிற்போம் என்று உன் அப்பா கேலி செய்கிறார். இருக்கட்டும், எழுதாவிட்டால் எனக்கு மறந்துவிடும்.

ஞாயிறு மாலை சித்தி வீட்டுக்கு வந்தோம். ரெண்டு அறை, துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. ஜன்னலோரம் மீன்தொட்டி. அவளும் நன்றாக இருக்கிறாள். ஒரு சுற்றுச் சதை போட்டிருக்கிறாள், அது அவளுக்கு அழகாக இருக்கிறது. ஆனால் ஏதோ சொல்ல வருகிறாள், பிறகு "காபி போடட்டுமா அக்கா" என்கிறாள். ரெண்டு நாளில் பதினெட்டுக் காபி குடித்துவிட்டேன்.

நேற்று உன் அப்பாவின் அட்டவணைப்படி டவுன் பஸ் ஏறினோம். ஏறினவுடன் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அந்த டிரைவர் கியர் போடும்போதெல்லாம் இவர் கால் தரையில் அழுத்துகிறது. ஒரு வளைவில் "இப்ப விடாதீங்க, சைக்கிள் வருது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். டிரைவர் திரும்பிப் பார்த்து, "எந்த டிப்போ?" என்றார். அதோடு போயிற்று. ரெண்டு பேரும் பிரேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே வர, நாங்கள் இறங்க வேண்டிய இடம் தாண்டி ரெண்டு நிறுத்தம் போய்விட்டோம்.

திமிங்கிலத்தை 9.40-க்குப் பதில் 11 மணிக்குப் பார்த்தோம். பாப்பா, அது எவ்வளவு பெரிசு தெரியுமா? தலையிலிருந்து வால் வரைக்கும் உன் அப்பா காலடியால் அளந்தார். "ரெண்டு பஸ்ஸும் ஒரு வேனும்" என்றார். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்திருந்தார்கள், அவர்களையும் அளக்க வைத்துவிட்டார். காவலாளி வந்து இவரைத்தான் கண்டித்தார்.

இன்று மிருகக்காட்சி சாலை. ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து நான் அரை மணி நேரம் நின்றேன். எவ்வளவு உயரத்திலிருந்து நம்மைக் குனிந்து பார்க்கிறது, ஆனால் கொஞ்சம்கூடத் திமிர் இல்லை. சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது அப்படித்தான் பிடிப்பாள்.

நாளை மணிக்கூண்டு. முந்நூறு படி. என் இதயம் தாங்கும், உன் அப்பாவின் மூட்டு தாங்குமா தெரியவில்லை.

அம்மா

---

ஜூன் 13, வெள்ளி

பாப்பாவுக்கு,

நலமாக இரு. உட்கார்ந்துகொண்டு படி. உன் சித்திக்கு இன்று காலை கல்யாணம் ஆகிவிட்டது.

வரிசையாகச் சொல்கிறேன். புதன்கிழமை மணிக்கூண்டு ஏறினோம். இருநூற்று நாற்பதாவது படியில் மூச்சு வாங்க நின்றபோது என் கண்ணாடி கழன்று விழுந்தது. அதன் ஒரு கால் உடைந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் மேலே போய் என்ன பார்ப்பது? மேலே ஏறியதும் உன் அப்பா பக்கத்தில் நின்று, "ஆறு தெரியுது, பாலம் தெரியுது, நம்ம சிட்டு வீட்டு மொட்டை மாடியில துணி காயுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் அவ்வளவு தூரம் தெரியாது. புளுகினார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நன்றாக இருந்தது.

இறங்கி வந்ததும் சித்தி அவள் வழக்கமாகப் போகும் கடைக்குக் கூட்டிப் போனாள். கடைக்காரர் நல்ல மனுஷராகத் தெரிந்தார், நரைத்த தலை, சுத்தமான விரல் நகம். என் கண்ணாடியைச் சரி செய்து மாட்டிவிட்டு, "உங்களுக்கும் வலது காது ஒரு நூல் மேல இருக்கு. தங்கச்சிக்கு மாதிரியே" என்றார். சித்தி அதற்குள் கவுண்டருக்குப் பின்னால் போய், கேட்காமலே ஒரு கதவைத் திறந்து, உள்ளேயிருந்து மூன்று கோப்பையும் ஒரு பெரிய கோப்பையும் எடுத்து வந்தாள். பெரியதை அவர் முன்னால் வைத்தாள். நாற்காலியில் அவள் சால்வை கிடந்தது. போன வருஷம் நான் பின்னிக் கொடுத்தது.

முப்பத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். நோயாளி வாயைத் திறக்குமுன்னே எனக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே அக்கா."

"என்ன கேக்கணும்? இந்த வயசுல யாரையாவது பாத்து வச்சிருக்கியான்னா கேப்பாங்க?"

"அது இல்ல. வர முடியுமான்னு கேட்டிருக்கலாம். நீ வந்துடுன்னு எழுதின."

உன் சித்தி குரலை உயர்த்தவே இல்லை. மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டே சொன்னாள். எனக்கு யாரோ பிடித்து உட்கார வைத்த மாதிரி இருந்தது.

பாப்பா, உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பாட்டி படுத்த படுக்கையாக இருந்தபோது சித்திக்கு முப்பத்தொன்று. ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. அம்மாவை யார் பார்ப்பது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் எழுதினேன். சரி அக்கா என்று பதில் போட்டாள். பாட்டி ஆறு வருஷம் இருந்தாள். அதற்குப் பிறகு நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதற்கெல்லாம் முன்பே நீ பிறந்தபோது மூன்று மாதம் வந்திருந்தாள், பிறகு எனக்கு ஆபரேஷன் ஆனபோது வந்தாள், அப்பாவுக்குக் கால் முறிந்தபோது வந்தாள். எல்லாத் தடவையும் நான் எழுதினது ஒரே வரி. தனி ஆள்தானே, கிளம்பி வா.

அன்று மாலை ஏரிக்கரைக்குப் போனோம். படகில் முன்வரிசை கிடைத்தும் உன் அப்பாவுக்கு ருசிக்கவில்லை. "எனக்கு மே மாசமே தெரியும்" என்று மெதுவாகச் சொன்னார். அவரைத் தண்ணீரில் தள்ளியிருப்பேன், நீச்சல் தெரியாது என்பதால் விட்டேன்.

வியாழன் காலை நான் மட்டும் கிளம்பிப் போனேன். கடை அப்போதுதான் திறந்திருந்தது. எதிரே உட்கார்ந்து கேட்டேன்.

"சர்க்கரை இருக்கா?"

"இல்லைங்க."

"பிரஷர்?"

"காலைல ஒரு மாத்திரை."

"பல்லு?"

"ரெண்டு கட்டினது. மீதி சொந்தம்."

நாக்கை நீட்டுங்க என்று சொல்ல வாய் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவரும் சிரிக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். "உங்கள எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல. சிஸ்டர்னே கூப்பிடறேன். ரெண்டு கணக்குலயும் சரியா வரும்" என்றார்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "அவ வந்தா உங்களுக்கு என்னென்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம் சிஸ்டர். சமையல் நான் பாத்துக்குவேன். சாயங்காலம் அந்த நாற்காலியில உக்காந்து ஏதாவது படிச்சுக்கிட்டு இருப்பாங்க. நடுவுல சிரிப்பாங்க. எதுக்குன்னு கேட்டா படிச்சுக் காட்டுவாங்க. மூணு வருஷமா அதுதான் நடக்குது. அதுவே தொடரட்டும்."

கண்ணாடிக் கடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நல்ல வசதி.

பதினெட்டாம் தேதி வைத்திருந்தார்கள். நான் இல்லாமலா? பதிவு அலுவலகத்துக்கு உன் அப்பாவை அனுப்பினேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பியூன் பத்து வருஷம் இவர் பஸ்ஸில் வந்தவராம். அதிகாரியிடம் கூட்டிப் போனார். "பதினஞ்சாம் தேதி அக்கா ஃப்ளைட் ஏறுறாங்க சார்" என்று சொன்னதும் வெள்ளி காலை முதல் ஆளாக வரச் சொல்லிவிட்டார்.

சித்தி மஞ்சள் புடவை கட்டினாள். தலை வாரிவிட உட்கார வைத்தேன். "உனக்கு இது சரின்னு படுதாடி?" என்று கேட்டேன். "படுது" என்றாள். "எங்க வீட்டப் பாத்துக்க வர முடியுமா?" என்று கேட்டேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "முடியாது அக்கா" என்று சொல்ல வேண்டியவள், "நீ விருப்பப்பட்டா மாசம் ஒரு தடவை போய்..." என்று ஆரம்பித்தாள். அவள் வாயைப் பொத்தினேன். என் வார்டில் இருந்த சின்ன நர்ஸ், புருஷனோடும் மாமியாரோடும் ஒற்றை அறையில் இருக்கிறாள். நேற்றே போன் செய்து பேசிவிட்டேன். சாவி அவளுக்கு.

சாட்சிக் கையெழுத்து நானும் உன் அப்பாவும் போட்டோம். கையெழுத்து ஆனதும் மாப்பிள்ளை பேனாவை மூடி, மறக்காமல் அலுவலகத்துப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தார். சித்தி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

இப்போது நாலு பேரும் ரயில் நிலையத்துக்கு எதிரே சாப்பிடப் போகிறோம். நாளைக்குத் துறைமுகம். உன் அப்பாவின் அட்டவணை முழுக்கக் கிழிந்துவிட்டது. அவருக்குக் கவலையே இல்லை.

அம்மா

---

ஆகஸ்ட் 14

அன்புள்ள சிட்டுவுக்கும் மாப்பிள்ளைக்கும்,

இங்கே ஏழு பேரும் சௌக்கியம். எண்ணிப் பார்க்காதே, சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருவர், பாப்பா, அவள் வீட்டுக்காரர், அவர் தம்பி, அப்புறம் புதிதாக ரெண்டு பேர். ஒரு பெண், ஒரு பையன். பெண் ஏழு நிமிஷம் மூத்தவள், பிறந்தவுடனே அதட்டத் தொடங்கிவிட்டாள். உன் அத்தான் என்னைப் பார்க்கிறார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அத்தான் ரெண்டு குழந்தையையும் ரெண்டு தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். இடது பக்கம் அழுதால் வலது பக்கமும் அழுகிறது. ஓட்டின பஸ்ஸிலேயே இது கஷ்டமான பஸ் என்கிறார். பாப்பா தூங்கிப் பல நாளாயிற்று.

இன்னும் ரெண்டு கை இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். டிசம்பர் மாதம் நீங்கள் இருவரும் ஒரு நாலு மாதம் வந்து இருக்க முடியுமா? பாப்பாவின் வீட்டுக்காரர் டிக்கெட் எடுக்கிறேன் என்கிறார்.

முடியுமா என்றுதான் எழுதியிருக்கிறேன். திரும்பப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்டுகிறேன்.

அக்கா

---

செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அங்கே ஏழு பேருக்கும் எங்கள் அன்பு. நீ அனுப்பிய படத்தில் பெரியவள் உன் மூக்கையே வாங்கி வந்திருக்கிறாள். பையன் இன்னும் யார் மாதிரியும் இல்லை. அவசரப்படாத பிள்ளை.

முடியாது அக்கா.

எழுதிவிட்டேன். இதற்குக் கீழே காரணம் எழுதலாம் என்று ஒரு பக்கம் எழுதினேன். இவர் படித்துப் பார்த்துவிட்டு, "இதுல எதுவும் காரணம் இல்லையே, எல்லாம் மன்னிப்பாத்தானே இருக்கு" என்றார். உண்மைதான். கிழித்துவிட்டேன்.

டிசம்பரில் இவர் மகனின் கப்பல் கரைக்கு வருகிறது. வந்தால் பத்து நாள்தான் இருப்பான். என்னை இன்னும் அவன் பார்த்ததில்லை. அதற்கு முன் நவம்பரில் ஒரு வாரம் கடையை மூடிவிட்டு ஊர் சுற்றலாம் என்றிருக்கிறோம். இருபத்தாறு வருஷத்தில் இவர் கடையை மூடினதே இல்லை. "ஒரு வாரம் விடுமுறை" என்று நான்தான் பலகையில் எழுதித் தரப்போகிறேன்.

உன் வீட்டுக்கு எழுதிக் கேட்டேன். அந்த நர்ஸ் பெண் பின்பக்க ஜன்னலை ஆள் வைத்துச் சரி செய்துவிட்டாளாம். இப்போது ஒரு விரலால் திறக்கிறதாம்.

பாப்பாவைப் பகலில் குழந்தைகளோடு சேர்ந்து தூங்கச் சொல்.

சிட்டு

---

செப்டம்பர் 27

அன்புள்ள சிட்டுவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். பாப்பா நேற்று ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள்.

உன் கடிதத்தை உன் அத்தானுக்குச் சத்தமாக வாசித்தேன். அந்த ஒரு வரி வந்ததும் நிறுத்தினேன். அவர் தோளில் பையனோடு ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். "இன்னொரு தடவை வாசி" என்றார். வாசித்தேன். ரெண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம். பாப்பா எழுந்து வந்து, "என்னம்மா ஆச்சு, சித்தி வர்றாங்களா?" என்று கேட்டாள். "வரலையாம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

எங்கே போகிறீர்கள்? மலையா, கடலா? ரயிலிலா, பஸ்ஸிலா? போய் வந்த பிறகு, எந்த ஊர்ப் படுக்கையில் உனக்கு முதலில் தூக்கம் வந்தது, எந்த ஊர் தண்ணீர் இனித்தது என்று எழுது. அவர் மகன் கப்பலிலிருந்து இறங்கி வந்ததும் உன்னை என்னவென்று கூப்பிட்டான் என்று எழுது. உனக்கு அது பிடித்திருந்ததா? நீ என்னிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது இன்னும் எத்தனை இருக்கிறது? அவசரமில்லை. ஒவ்வொன்றாக எழுது.

பெரியவள் அழுகிறாள். போகிறேன்.

உன் அக்கா